முகக்கவசத்துக்காக வாதாடிய பினாங்கு டாக்டர்: யார் இந்த வூ லியன் தே?

வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்க. கோவிட்-19 காலத்தில் வாங்கிய முகக்கவசப் பெட்டி ஒன்று ஏதாவது ஒரு மூலையில் இன்னமும் இருக்கும்.

அந்த நாள்களில் முகக்கவசத்தை வைத்து எத்தனை வாக்குவாதம்! போடணுமா, வேண்டாமா? போட்டால் பயன் உண்டா? போடச் சொல்ல இவர்கள் யார்? உலகம் முழுக்க இதே பேச்சுதான்.

இது புதுச் சண்டை என்று நினைத்தீர்களா? கிடையாது. 1911ஆம் ஆண்டு ஜனவரி மாதம், சீனாவின் வடகிழக்கில் பனியில் உறைந்துகிடந்த ஹார்பின் நகரில் ஏறக்குறைய இதே சண்டை நடந்தது. ஒரு பக்கம் அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவப் பேராசிரியர். மறுபக்கம் 31 வயது இளைஞர்.

அந்த இளைஞர் நம் வட்டாரத்துக்காரர். பினாங்கில் பிறந்து வளர்ந்த டாக்டர் வூ லியன் தே.

யார் சொன்னது சரி என்பது சில நாள்களிலேயே தெரிந்துவிட்டது. அதற்குள் ஓர் உயிர் போயிருந்தது. ஆனால் வூவின் வாழ்க்கை முழுக்க இன்னொரு கேள்வியும் கூடவே வந்தது: ஒருவர் சொல்வது அறிவியல்படி சரியாகவே இருக்கட்டும், மற்றவர்கள் அவரை நம்பணுமே, அதற்கு என்ன வழி?

பொற்கொல்லரின் மகன்

1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி வூ பிறந்தார். சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு ஆகியவற்றை நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் பிரிட்டன் ஆண்டுவந்த காலம் அது. அப்பா, சீனாவின் குவாங்டோங் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி பினாங்குக்கு வந்த பொற்கொல்லர்.

படித்தது பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில். 1816ல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளி இன்றும் இருக்கிறது. கெட்டிக்கார மாணவர். 1896ல் அரசியார் உபகாரச் சம்பளத்தை வென்றார். கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போனார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த முதல் சீனர் அவர்தான்.

ஒரு சுவையான விஷயம். அப்போது அவருடைய பெயர் ‘வூ லியன் தே’ இல்லை. ஹொக்கியன் உச்சரிப்பில் ‘ங்கோ லியன் டக்’ என்று எழுதுவார்கள். பின்னாளில் சீனாவுக்குப் போனபோது, அதே எழுத்துகளை மாண்டரின் முறைப்படி உச்சரித்ததில் வந்த பெயர்தான் வூ லியன் தே. வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வாழும் உங்களுக்கு இது புதிதாக இருக்காது, இல்லையா?

லண்டனில் மருத்துவமனைப் பயிற்சி. பிறகு லிவர்பூலிலும் ஜெர்மனியிலும் பாரிஸின் பாஸ்டர் ஆய்வுக்கழகத்திலும் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி. அன்றைய உலகில் ஓர் இளம் மருத்துவருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி கிடைத்திருக்காது.

படிப்பு இருக்கு, வேலை இல்லை

1903ல் வூ ஊர் திரும்பினார். கோலாலம்பூரில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த மருத்துவ ஆய்வுக் கழகத்தில் சேர்ந்து, பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ந்தார். அந்தக் காலத்தில் மலாயாவின் சுரங்கத் தொழிலாளர்களை வாட்டிய நோய் அது.

அதற்குப் பிறகு? அரசாங்க மருத்துவச் சேவையில் உயர்பதவிகள் ஐரோப்பிய வம்சாவளியினருக்கு மட்டும்தான் என்பது காலனித்துவ அரசின் விதி. கேம்பிரிட்ஜ் பட்டம் வாங்கியிருந்தாலும் அந்தக் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

வூ பினாங்குக்கே போய்ச் சொந்தமாக மருந்தகம் திறந்தார். இடம், சூலியா தெரு. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைத்தான் அப்போது சூலியா என்று அழைத்தார்கள். தெருவுக்குப் பெயர் வந்ததும் அவர்களால்தான்.

அபினைத் தொட்டார், அடி வாங்கினார்

மருந்தகத்துக்கு வந்த நோயாளிகளில் பலர் அபினுக்கு அடிமையானவர்கள். உழைத்துச் சம்பாதித்த காசெல்லாம் புகையாகப் போனது, உடம்பும் போனது.

அபின் அன்று சட்டபூர்வமான வியாபாரம். அதை விற்கும் உரிமையை அரசாங்கம் குத்தகைக்கு விட்டது. நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வந்தது. குத்தகை எடுத்தவர்களில் பலர் சீனச் சமூகத்தின் பெரும் பணக்காரர்கள். ஆக, அபினை எதிர்த்தால் அரசாங்கத்தையும் பகைக்க வேண்டும், சொந்தச் சமூகத்தின் பெரிய மனிதர்களையும் பகைக்க வேண்டும்.

வூ எதிர்த்தார். பினாங்கில் அபின் எதிர்ப்புச் சங்கம் அமைத்தார். 1906ல் நடத்திய மாநாட்டுக்குச் சுமார் 2,000 பேர் வந்தார்கள். சிங்கப்பூரில் அபினை எதிர்த்துவந்த டாக்டர் லிம் பூன் கெங், வூவுக்கு உறவுக்காரரும்கூட. இருவரும் அக்கா தங்கையை மணந்தவர்கள்.

அடுத்த ஆண்டே, 1907ல், அதிகாரிகள் வூவின் மருந்தகத்தைச் சோதனையிட்டார்கள். மருந்தாகப் பயன்படும் அபின் கரைசல் ஒரு அவுன்ஸ் கிடைத்தது. சட்டவிரோதமாக அபின் வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டி, 100 டாலர் அபராதம் விதித்தார்கள். அபினை எதிர்த்த டாக்டருக்கே அபின் வழக்கு! மேல்முறையீடும் பலிக்கவில்லை.

மருத்துவ உண்மையைச் சொன்னால் மட்டும் போதாது, அதனால் யாருக்கு நட்டம் என்பதையும் பார்க்கணும் என்று வூவுக்கு முதன்முதலில் புரியவைத்தது பினாங்குதான்.

அந்த நேரத்தில் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. தியன்ஜின் நகரில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் துணை இயக்குநர் பதவி. 1908ல் அங்கு போய்ச் சேர்ந்தார். அவருக்கு மாண்டரின் சரியாகப் பேச வராது. வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்டார்.

ஹார்பினில் என்ன நடந்தது?

1910ஆம் ஆண்டு இறுதி. மஞ்சூரியாவில் விசித்திரமான ஒரு நோய் பரவத் தொடங்கியது. காய்ச்சல், இருமல், இருமினால் ரத்தம். நோய் வந்தவர்கள் ஓரிரு நாளில் இறந்தார்கள். கிட்டத்தட்ட ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

எங்கிருந்து வந்தது? அந்தப் பகுதியின் புல்வெளிகளில் மார்மொட் என்ற விலங்கு வளை தோண்டி வாழும். அணிலுக்குப் பெரிய அண்ணன் மாதிரி இருக்கும். அதன் ரோமத்துக்கு உலகச் சந்தையில் திடீரென்று நல்ல விலை கிடைத்தது. ஏழைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேட்டைக்குக் கிளம்பினார்கள். நோயுற்ற மார்மொட்டைத் தொடக்கூடாது என்பது பழைய வேட்டைக்காரர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது.

குளிர்காலத்தில் அவர்கள் சின்னச் சின்ன விடுதிகளில், சன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு, நெருக்கியடித்துத் தூங்கினார்கள். சீனப் புத்தாண்டுக்கு ஊர் போக ரயில் ஏறினார்கள். நோயும் ரயில் ஏறியது.

இதில் அரசியலும் இருந்தது. மஞ்சூரியா சீனாவின் பகுதி. ஆனால் வடக்கே ரயில்பாதை ரஷ்யாவின் கையில், தெற்கே ஜப்பானின் கையில். நோயைச் சீனாவால் கட்டுப்படுத்த முடியாவிட்டால், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் உள்ளே வர அதுவே காரணமாகிவிடும். பெய்ச்சிங் அரசாங்கம் அவசரமாக ஒரு மருத்துவரைத் தேடியது. வூவை அனுப்பியது.

1910 டிசம்பர் 24ஆம் தேதி, உதவிக்கு ஒரு மாணவரையும் கையில் ஒரு நுண்ணோக்கியையும் எடுத்துக்கொண்டு அவர் ஹார்பினில் இறங்கினார்.

எலியா? காற்றா?

சில நாள்களில், சீனர்கள் வாழ்ந்த ஃபூஜியாதியன் பகுதியில் விடுதி நடத்திய ஒரு ஜப்பானியப் பெண் நோயால் இறந்த தகவல் வந்தது. வூ அந்த உடலை அறுத்துப் பரிசோதித்தார். இறந்தவர் உடலைச் சிதைப்பது பெரும்பாவம் என்று கருதப்பட்ட காலம். வெளியே தெரிந்திருந்தால் கலவரமே மூண்டிருக்கலாம்.

நுண்ணோக்கியில் அவர் பார்த்தது பிளேக் கிருமி.

அந்தக் கிருமி அறிவியலுக்குப் புதிது இல்லை. 1894ல் ஹாங்காங்கிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். எலிகளிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதர்களுக்குப் பரவும், அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும் என்பதுதான் எல்லாரும் படித்திருந்த பாடம். அதனால் எலியைப் பிடித்தால் போதும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். வூ வருவதற்கு முன்பே அங்கிருந்த ஒரு ஜப்பானிய மருத்துவர் நூற்றுக்கணக்கான எலிகளை அறுத்துப் பார்த்திருந்தார். ஒன்றில்கூட கிருமி இல்லை.

ஹார்பின் நோயாளிகளுக்கு நெறி கட்டவில்லை. நுரையீரல்தான் கெட்டுப்போயிருந்தது. அப்படியானால் எலி எதற்கு? இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் நுண்துளிகளே போதும், மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரடியாகப் பரவுகிறது என்று வூ முடிவுக்கு வந்தார். நுரையீரல் பிளேக்.

அப்படியென்றால் செய்ய வேண்டியதும் மாறிவிடுகிறது. எலிப்பொறி வேண்டாம், நோயாளிகளைத் தனிமைப்படுத்தணும். அவர்களோடு இருந்தவர்களைப் பிரித்துவைக்கணும். மூக்கையும் வாயையும் மூடணும். அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் வலைத்துணியை மடித்து, நடுவே பஞ்சு வைத்து, தலைக்குப் பின்னால் கட்டும்படி ஒரு கவசத்தை வடிவமைத்தார். மலிவு. யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

கோபப்பட்ட பேராசிரியர்

இந்த நேரத்தில்தான் ஜெரால்ட் மெஸ்னி வந்தார். வூ வேலை செய்த அதே தியன்ஜின் நகரிலிருந்து வந்த பிரெஞ்சு மருத்துவர். வூவைவிட மூத்தவர். முன்பு ஒரு பிளேக் பரவலைச் சமாளித்த அனுபவமும் உண்டு.

வூ தான் கண்டதை விளக்கினார். மெஸ்னி ஏற்கவில்லை. காற்றில் பரவுகிறது என்பதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பேச்சு தடித்தது. ஒரு சீன இளைஞன் தனக்குப் பாடம் எடுப்பதா என்ற கோபம் இனத்தைச் சொல்லித் திட்டுகிற அளவுக்குப் போனது.

வூ அமைதியாக வெளியே வந்து, பதவியிலிருந்து விலகத் தயார் என்று பெய்ச்சிங்குக்குத் தந்தி கொடுத்தார். இருவரில் யார் தேவை என்று அரசாங்கமே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். அரசாங்கம் வூவைத் தேர்ந்தெடுத்தது.

மெஸ்னி விடவில்லை. ரஷ்ய மருத்துவமனைக்குப் போய் பிளேக் நோயாளிகளைத் தானே பரிசோதித்தார். அங்கி போட்டார், கையுறை போட்டார். முகக்கவசம் மட்டும் போடவில்லை.

சில நாளில் காய்ச்சல். பிறகு இருமல். 1911 ஜனவரி 11ஆம் தேதி அவர் இறந்துபோனார்.

நகரமே ஆடிப்போனது. பெரிய ஐரோப்பிய டாக்டரே போய்விட்டாரா? அதன்பிறகு ஹார்பின் தெருக்களில் முகக்கவசம் இல்லாதவர்களைப் பார்ப்பதே அரிதானது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிங்க. வூவிடம் நுண்ணோக்கி இருந்தது, ஆதாரம் இருந்தது. அதையெல்லாம் பார்த்து மனம் மாறாதவர்கள், ஒரு மரணத்தைப் பார்த்து மாறினார்கள். இது வூவுக்கு வெற்றியா? ஒரு சக மருத்துவரின் உயிரைக் கொடுத்து வாங்கிய வெற்றியை யார்தான் கொண்டாட முடியும்?

பயந்த மக்கள் முட்டாள்களா?

மருத்துவர்களை நம்பவைத்தாயிற்று. மக்களை?

நோயாளிகளைப் பிளேக் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனால் அவர்கள் திரும்பி வருவதில்லை. அதனால் குடும்பங்கள் நோயாளிகளை மறைத்தன. இறந்தவர்களை இரவோடு இரவாகத் தெருவில் போட்டுவிட்டு ஓடியவர்களும் உண்டு. அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் உங்கள் அம்மாவையோ தம்பியையோ படைவீரர்கள் வந்து கூட்டிப் போனால், கூட்டிப் போன யாரும் திரும்பவே இல்லை என்றால், நீங்கள் கதவைத் திறப்பீர்களா?

வூ கடுமையாகவும் நடந்துகொண்டார், யோசித்தும் நடந்துகொண்டார். ஃபூஜியாதியனை 4 பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு அனுமதியில்லாமல் போகக் கூடாது என்று படைவீரர்களை நிறுத்தினார். கூலித் தொழிலாளர்களின் ரயில் பயணம் நின்றது. அதே சமயம், நோயாளியோடு இருந்தவர்களை ஒரே கூடத்தில் அடைக்காமல், ரஷ்யர்களிடம் ரயில்பெட்டிகளை இரவல் வாங்கி, கணப்பு மூட்டி, சிறு சிறு குழுவாகத் தங்கவைத்தார். காய்ச்சல் வராதவர்கள் சில நாளில் வீடு போகலாம். போனவர்கள் உயிரோடு போனதை மற்றவர்களும் பார்த்தார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை கல்லறையில் காத்திருந்தது. மண் உறைந்து கல்லாகிவிட்டதால் புதைக்க முடியவில்லை. 2,000க்கும் மேற்பட்ட சவப்பெட்டிகளும் உடல்களும் பனியில் அப்படியே வரிசையாகக் கிடந்தன. குளிர் போனால் கிருமி மறுபடி பரவும் என்று வூ அஞ்சினார். எரித்தாகணும்.

எரிப்பதா? மூதாதையரை மண்ணில் புதைத்து வணங்கும் சமூகம். உடலை எரிப்பது அவர்களுக்கு நினைத்துப் பார்க்கவும் முடியாத அவமதிப்பு.

வூ உத்தரவு போட்டுக் கொளுத்திவிடவில்லை. உள்ளூர் அதிகாரிகளையும் பெரியவர்களையும் கல்லறைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அவர்களும் சேர்ந்து கேட்கும்படி செய்தார். பேரரசரின் அனுமதி வேண்டி பெய்ச்சிங்குக்குத் தந்தி கொடுத்தார். காத்திருந்தார். ஒவ்வொரு நாளும் பலர் இறந்துகொண்டிருந்த நேரத்தில் அந்தக் காத்திருப்பு எப்படி இருந்திருக்கும்!

அனுமதி வந்தது. 1911 ஜனவரி 31ஆம் தேதி, சீனப் புத்தாண்டுக்கு மறுநாள், மண்ணெண்ணெய் ஊற்றித் தீ மூட்டினார்கள். மக்கள் நின்று பார்த்தார்கள். கலவரம் இல்லை.

அந்தப் புத்தாண்டில் நகர மக்களுக்குத் துண்டறிக்கையும் போனது. வீட்டுக்குள்ளேயே பட்டாசு வெடிங்க என்பதுதான் செய்தி. பட்டாசுப் புகையில் உள்ள கந்தகம் கிருமியைக் கொல்ல உதவும் என்பது ஒரு காரணம். பட்டாசு கெட்ட சக்தியை விரட்டும் என்று மக்கள் ஏற்கெனவே நம்பினார்கள். அதனால் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 1ஆம் தேதி ஹார்பினில் கடைசி நோயாளி பதிவானார். வூ வந்து சேர்ந்து 10 வாரம்கூட முழுதாக ஆகவில்லை. மொத்தத்தில் அந்தக் கொள்ளைநோய் சுமார் 60,000 உயிர்களைக் குடித்தது.

ஏப்ரல் மாதம் இப்போதைய ஷென்யாங் நகரில் 11 நாடுகள் கலந்துகொண்ட அனைத்துலக பிளேக் மாநாடு நடந்தது. உலகப் புகழ்பெற்ற மருத்துவர்கள் வந்திருந்தார்கள். தலைமை தாங்கியவர், சொந்த ஊரில் அரசாங்க வேலை மறுக்கப்பட்ட பொற்கொல்லர் மகன். வயது 32.

அவர்தான் முகக்கவசத்தைக் கண்டுபிடித்தாரா?

இணையத்தில் அப்படித்தான் பலரும் சொல்கிறார்கள். கொஞ்சம் கவனம் தேவை.

அறுவை சிகிச்சை மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வலைத்துணியால் வாயை மூடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அது அறுத்த புண்ணில் கிருமி விழாமல் இருக்க. வூ அதைத் தடிமனாக்கி, மருத்துவர்கள் மட்டுமல்லாமல் சாதாரண மக்களும் கொள்ளைநோய் வராமல் தடுக்க அணிய வேண்டிய பொருளாக மாற்றினார். இன்றைய என்95 கவசம் அவருடைய பஞ்சு-துணிக் கவசத்திலிருந்து நேராக வந்தது என்று சொல்ல முடியாது. நடுவே பலருடைய உழைப்பு இருக்கிறது. யோசனை மட்டும் அதேதான்.

நோய் நின்றதற்கு முகக்கவசம் மட்டுமே காரணமும் இல்லை. தனிமைப்படுத்தல், பயணக் கட்டுப்பாடு, உடல்களை எரித்தது எல்லாம் சேர்ந்துதான் பலன் தந்தன. அவற்றின் சுமை எல்லார் மீதும் ஒரே மாதிரி விழவில்லை. நெருக்கடியான விடுதிகளில் தங்கிய ஏழைத் தொழிலாளர்கள்தான் அதிகம் இறந்தார்கள், அதிகம் அடைத்துவைக்கப்பட்டதும் அவர்கள்தான். 2020ல் சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் கோவிட்-19 எப்படிப் பரவியது என்பது நினைவிருந்தால், இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போக மாட்டீர்கள்.

மறுபடியும் மலாயா

வூ அதன்பிறகும் சீனாவில் பல ஆண்டுகள் உழைத்தார். சீன மருத்துவச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஹார்பினில் மருத்துவக் கல்லூரி உருவாகக் காரணமானவர். 1920-21ல் பிளேக் மீண்டும் மஞ்சூரியாவைத் தாக்கியபோதும் களத்தில் இருந்தார். 1930ல் சீனத் துறைமுகங்களின் தேசியத் தனிமைப்படுத்தல் சேவைக்குத் தலைவரானார். 1935ல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை.

1937ல் ஜப்பான் சீனாவுக்குள் முழுவேகத்தில் படையெடுத்தது. வூ மலாயாவுக்குத் திரும்பி, ஈப்போவில் ஒரு சாதாரண மருந்தகத்தைத் திறந்தார். 11 நாடுகளின் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், காய்ச்சல், இருமல் என்று வந்தவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழைகளிடம் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார். ஈப்போவில் நூலகம் அமைக்க நன்கொடை திரட்டினார்.

ஜப்பானியர் ஆட்சியில் அங்கும் நிம்மதி இல்லை. எதிர்ப்புப் படையினர் அவரைப் பிடித்துவைத்துப் பணம் கேட்டார்கள். பணம் கொடுத்து மீண்டு வந்தால், எதிர்ப்புப் படைக்கு உதவினாய் என்று ஜப்பானியர் பக்கத்திலிருந்து ஆபத்து. முன்பு அவரிடம் சிகிச்சை பெற்ற ஜப்பானிய அதிகாரி ஒருவரால்தான் தப்பித்தார்.

1959ல் தன் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 1960 ஜனவரி 21ஆம் தேதி, பினாங்கில் தமது 80ஆவது வயதில் காலமானார்.

நீண்ட காலம் அவரைப் பெரும்பாலோர் மறந்திருந்தார்கள். 2021 மார்ச் 10ஆம் தேதி, அவருடைய பிறந்தநாளன்று கூகல் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. உலகமே முகக்கவசத்துடன் அலைந்த நேரம்.

அடுத்த முறை பினாங்குக்குப் போனால் சூலியா தெருவில் ஒரு நடை நடந்து பாருங்க. இந்தத் தெருவில்தான் அவர் மருந்தகம் வைத்திருந்தார், சரியாகச் சொன்னதற்காக இந்த ஊரில்தான் அபராதமும் கட்டினார். நான்கு ஆண்டு கழித்து, அவர் சொன்னதைக் கேட்டு ஒரு நகரமே முகத்தை மூடிக்கொண்டது.

இன்று உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ யாராவது சங்கடமான ஓர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். சொல்பவரின் வயதையும் ஊரையும் பார்ப்பதற்கு முன்னால், அவர் என்ன சொல்கிறார் என்று ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்கலாமே.